விரல்நுனியின் அகலம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, எட்டு நாளாகக் காலுறை மட்டும் காயவில்லை. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

ஆய்வுக்குடிலில் மூன்று அறை. ஒன்றில் நான். ஒன்றில் பெட்டிகள். ஒன்றில் மழை. இங்கே போன் எடுக்காது. வியாழக்கிழமை அரிசி கொண்டுவரும் ஜீப்தான் தபால்காரர்.

பேராசிரியருடன் எனக்கு என்ன தகராறு என்று மறுபடி எழுதுகிறேன், எனக்கே தெளிவாகட்டும் என்று. ஒரே ஓடை. அருவிக்குக் கீழே ஒரு தவளை, மேலே ஒரு தவளை. இரண்டும் கட்டைவிரல் நீளம். பழுப்பு முதுகு, மஞ்சள் தொடை. கீழே இருப்பது தூறலில், பட்டப்பகலில், 'டிக் டிக் டிக்' என்று மூன்று தட்டுத் தட்டும். மேலே இருப்பது ஒரே இழுப்பாக விசில் அடிக்கும். கீழே, முட்டை இலைக்கு அடியில். மேலே, பாறை இடுக்கில். ஆண் காவல் இருக்கிறது. இவை இரண்டு இனங்கள் என்கிறேன் நான். பேராசிரியர், "ஒரே தவளைதாம்மா. மேல தண்ணி வேகம், இரைச்சல் ஜாஸ்தி, அதனால கத்துறது மாறியிருக்கு. உடம்புல வித்தியாசம் காட்டு, ஒத்துக்கறேன்" என்கிறார்.

உடம்பில் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்னங்கால் நடுவிரலின் நுனியில் ஒரு சின்னத் தட்டு உண்டு, பாறையில் ஒட்டிக்கொள்ள. மேலோடைத் தவளைக்கு அது கொஞ்சம் அகலம். எவ்வளவு கொஞ்சம்? உயிருள்ளது கையில் நிற்பதில்லை. கொன்று அளக்க அனுமதி இல்லை. மனமும் இல்லை.

உன் அருங்காட்சியகத்தின் ஜாடி அறையில், முப்பது வருஷமாகச் சேர்ந்த இதே தவளைகள் நூற்றிருபது இருக்கின்றன. ஜாடியை வெளியே விடமாட்டீர்கள். நீ அளந்து தருவாயா? உன் கை நிதானம் எனக்குத் தெரிந்த யாருக்கும் இல்லை. பிப்ரவரியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

அண்ணியிடம் சொல்: காய்ச்சல் மாத்திரைக்கு இன்னும் வேலை வரவில்லை.

உன் தங்கை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

நீ நன்றாக இருப்பது கையெழுத்திலேயே தெரிகிறது. வரிகள் மேலே ஏறுகின்றன. இங்கே எல்லாம் வழக்கப்படி. மருந்துக்கடையில் அண்ணிக்குப் புது வேலையாள் வந்திருக்கிறான். இருமல் மருந்து கேட்டவரிடம் கண் சொட்டு மருந்தை நீட்டினானாம். அந்தக் கோபம் வீட்டில் என்மேல் இறங்குகிறது.

ஜாடிகளை இறக்கிவிட்டேன். முதல் நாற்பது இத்துடன். ஒவ்வொரு விரலையும் மூன்று முறை அளக்கிறேன். வெர்னியர் அளவுகோலின் தாடையை மூடி, பூஜ்யம் பார்த்து, திறந்து, அளந்து, எழுதுவேன். எழுதியதை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு மறுபடி மூடுவேன். முதல் எண் கண்ணில் பட்டால் கை தானாக அதனிடமே போய் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்த அட்டைதான் எனக்கு மனசாட்சி.

மூன்று எண்களுக்கும் நடுவே 0.04 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் எங்கேயும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

ஸ்பிரிட்டில் மஞ்சள் போய்விடும். இங்கே எல்லாத் தவளையும் சாம்பல் நிறம். உன் டிக் டிக்கும் இல்லை, விசிலும் இல்லை. மேலோடையா கீழோடையா என்று சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அல்லது விரலைப் பார்த்து.

பறவைப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், தவளைக்கு மோதிர அளவு எடுக்கறீங்களா?"

"ஆமா. மாப்பிள்ளை வீடு மேலோடை."

"அப்ப பொண்ணு வீட்டுக்காரங்க கீழதான் நிக்கணும்" என்று போய்விட்டார்.

காலுறையை அடுப்புக்குப் பக்கத்தில் போடு. மேலே போடாதே.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

உன் நாற்பது வந்தது. நானும் என் காலும் நலம். காலுறை ஒன்று எரிந்தது.

எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1.62, 1.60, 1.62. மூன்று பேர் ஒரே வரியைப் பாடுவதுபோல். இந்த நாற்பதில் மேலோடையிலிருந்து வந்தவை பதினொன்றுதான். அதற்குள் முடிவு சொல்லக்கூடாது. ஆனால் பதினொன்றும் அகலம்.

ஜீப் டிரைவர் தினமும் என்னை விசாரிக்கிறார், தினமும் என்றால் வியாழன்தோறும். "இதுக்கும் அதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"விரல் நுனிண்ணே."

"எவ்வளவு?"

"அரை மில்லிமீட்டர்கூட இல்ல."

அரிசி மூட்டையை இறக்கிவிட்டு யோசித்தார். "அது தவளைக்குத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அருவியின் நடுவே ஒரு பாறைத்தட்டு இருக்கிறது. இரண்டும் அங்கே வருகின்றன. ஒரு கைக்குட்டை தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று தட்டுகிறது. ஒன்று விசிலடிக்கிறது. எதுவும் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மீதி எண்பதுக்குக் காத்திருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. புது வேலையாள் பிழைத்தானா?

தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னி.

இருபது மட்டும் அனுப்புகிறேன். மேசை விளக்கு சரியில்லை. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

வேலையாள் பிழைத்தான். அண்ணிக்கு இப்போது அவன் செல்லம்.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணா,

இங்கே ஐந்து நாள் வெயில். தவளைகள் பேச்சை நிறுத்திவிட்டன. நானும் துணி துவைத்தேன். சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் இவ்வளவு குட்டியாக இருந்தால் அதை எத்தனை முறைதான் படிப்பது?

ஜாடி 47-ஐப் பார். 1.6, 1.3, 1.9. ஒரே தவளையின் ஒரே விரல்தானே? பஸ்ஸில் நின்றுகொண்டு அளந்தாயா? விளக்கை மாற்ற லஞ்சம் ஏதும் கொடுக்க வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

விளையாட்டு போகட்டும். டவுனுக்குப் போனபோது பேராசிரியரிடம் இந்த இருபதைக் காட்டினேன். "உனக்கு வேண்டிய வித்தியாசம் 0.4. உன் அண்ணன் கையில ஆடுறது 0.3. இதை வெச்சு நான் எதைம்மா நம்பறது? மூணு அளவுக்குள்ள வித்தியாசம் 0.1-க்கு மேல போனா எடுத்துக்க முடியாது" என்றார். "என் அண்ணனை உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

இந்த இருபதையும் மீதி அறுபதையும் சேர்த்து எண்பதாக, பழைய நிதானத்தில், அளந்து கொடு. அவசரம் இல்லை. அக்டோபருக்குள்.

தங்கை


செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிந்தேன்.

எண்பதும் முடிந்தது. பட்டியல் இத்துடன் உள்ளது. பேராசிரியர் இனிமேல் குறை சொல்ல முடியாது.

கடிதத்தை அலுவலகக் கணினியில் அடித்திருக்கிறேன். பேனா சரியாக எழுதவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

நலம் விசாரிக்க மறந்துவிடுவேன், அதனால் முதலிலேயே: நலமா? சரி.

கீழோடைத் தவளை, சராசரி 1.6. மேலோடைத் தவளை, சராசரி 2.0. நடுவில் யாருமே இல்லை. வெள்ளைத்தாளில் இரண்டு கூட்டம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டுதான்" என்றார். ஒரே சொல். அதற்காகத்தான் இரண்டு வருஷம்.

டிரைவருக்கும் சொன்னேன். "அப்ப நீங்க சொன்னதுதான் சரின்னு தவளைங்க ஒத்துக்கிச்சா?" என்றார்.

வேறு பேனா வாங்கிக்கொள். அச்செழுத்தில் நீ அரசாங்கம்போல் இருக்கிறாய்.

தங்கை


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. மூன்று வியாழன் ஆயிற்று.

பட்டியலை ஆய்வேட்டில் சேர்க்க ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போதுதான் எண் கண்ணில் படுகிறது. பார்க்கும்போது படுவதில்லை.

ஜாடி 41 முதல் 120 வரை. இரண்டாவது அளவு எப்போதும் முதலாவதைவிட 0.02 கூட. மூன்றாவது எப்போதும் முதலாவதே. எண்பது தவளையிலும். நாற்பத்தேழிலும்.

இந்தத் தவளைகள் ரொம்பவும் சொன்னபடி கேட்கின்றன, அண்ணா.

நான் எதுவும் கேட்கவில்லை.

கேட்கிறேன். அட்டையை வைத்துத்தானே அளந்தாய்?

தங்கை


நவம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். மேசை விளக்கை மாற்றிவிட்டார்கள். பழைய ஜாடிகளுக்குப் புது மூடி வந்திருக்கிறது. ஸ்பிரிட் பீப்பாய் ஒன்று கசிந்து, இரண்டு நாள் அறையைத் திறந்து போட்டிருந்தோம். பறவைப் பிரிவுக்காரர் தலைவலி என்று மூன்று நாள் விடுப்பு.

நீ கேட்டதற்கு: அளந்தது அளந்தபடி.

குளிரில் கவனமாக இரு.

அண்ணன்


நவம்பர் 16

பாப்பா,

நல்லா இருக்கியா? சாப்பிடுறியா? எனக்கு உங்க ரெண்டு பேர் மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். உங்க அண்ணனுக்குத் தெரியாமத்தான் எழுதுறேன். நீயும் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்ல.

அவருக்குக் கை நடுங்குது. ஜூன் கடைசிலேர்ந்து. எங்கிட்டயும் சொல்லல. டீயை அரை டம்ளர்தான் ஊத்திக்கிறார். கேட்டா, "ஆசை குறைஞ்சுபோச்சு"ங்கறார். முழு டம்ளர்னா சிந்தும், அதான். பட்டன் வெச்ச சட்டையெல்லாம் அலமாரிக்குள்ள போயிடுச்சு. தலைவழியா மாட்டுற பனியன் நாலு வாங்கிட்டு வந்து, இப்ப இதான் பேஷன்னார். நாப்பத்தாறு வயசுல யாருக்குக் காட்ட பேஷன்னு கேட்டேன். சிரிச்சார். நானும் விட்டுட்டேன். அதான் என் தப்பு.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, பொண்டாட்டி மருந்துக்கடை வெச்சிருக்கா, இவர் நாலு தெரு தள்ளிப் போய் மாத்திரை வாங்கியிருக்கார். அந்தக் கடைக்காரர் எனக்குப் போன் பண்ணி, "உங்க வீட்டுக்காரர் நம்ம கடைக்கு வந்தாரே, வீட்ல ஏதும் சண்டையா?"ன்னு கேக்கறார். என்ன மாத்திரைன்னு கேட்டேன். சொன்னார். கை நடுக்கத்துக்குக் குடுக்கற மாத்திரை.

டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா போகாதாம். கை சும்மா இருந்தா நிக்குது. எதையாவது பிடிக்கப் போனாத்தான் ஆடுது. உங்க அண்ணன் வேலையே பிடிக்கறதுதானே.

"தங்கச்சிகிட்ட சொல்லுங்களேன்"னு சொன்னேன். "அவ என் கையை நம்பித்தான் எல்லாத்தையும் வெச்சிருக்கா"ன்னார். "நான் இல்லேன்னா அவளுக்கு ஒரே தவளைதான்"னார். எனக்கு அது புரியல. உனக்குப் புரியும்.

கோவிச்சுக்காதே அவரை. கோவிச்சுக்கிட்டாலும் பேசாம இருந்துடாதே.

அண்ணி


டிசம்பர் 1

அன்புள்ள அண்ணா,

அண்ணி எனக்கு எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பார்.

நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை பதில் வேண்டும்.

பஸ்ஸில் நின்று அளந்தாயா என்று எழுதினேன். சிரித்துக்கொண்டே எழுதினேன். நீ அதைப் படித்த மேசையை நினைத்துப் பார்க்கிறேன். வெர்னியர், அட்டை, ஜாடி 47. நான் சொன்னது என்னால் திருப்பி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

இனி வேலை.

எண்பதையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மிஞ்சுவது நாற்பது, அதில் மேலோடை பதினொன்று. பதினொன்றை வைத்து இரண்டு இனம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானே மாட்டேன். பேராசிரியரிடம் எண்பதையும் திரும்ப அளக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "நல்லா இருக்கறதை எதுக்குக் கலைக்கறே?" என்றார். நல்லா இல்லை என்றேன். ஏப்ரல் வரை தவணை கொடுத்திருக்கிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

மறுபடி அளந்து தருவாயா? நீதான். வேறு யாரும் வேண்டாம். நானும் வரப்போவதில்லை.

மூன்று முறை இல்லை, பத்து முறை. அட்டையோடு. கை ஆடட்டும். ஆடுகிற கை ஒருமுறை கூட்டிக் காட்டும், ஒருமுறை குறைத்துக் காட்டும். பத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆட்டம் ஆட்டத்தைத் தின்றுவிடும். எவ்வளவு மிஞ்சுகிறது என்று என்னால் கணக்குப் போட முடியும். 1.6, 1.3, 1.9. இது நல்ல அளவு, அண்ணா. இதை நான் குறை சொன்னேன். ஆடுகிற கையோடு எனக்கு வேலை செய்யத் தெரியும். ஆடாததுபோல் காட்டுகிற கையோடு தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் பத்து நாள் ஆயிற்று. உன் அளவுகளை ஆய்வேட்டில் சேர்த்தால், அளந்தவரின் பிழை எவ்வளவு என்று உன் பெயருக்கு நேராக அச்சிட வேண்டும். உங்கள் இயக்குநர் அந்தப் பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுவார். பார்த்தவுடன் அவருக்குப் புரியும். மறைக்க வழியில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

வேண்டாம் என்று நீ சொன்னால், எண்பதையும் விட்டுவிடுகிறேன். யாருக்கும் எதுவும் சொல்லமாட்டேன். அப்போது ஒரே தவளைதான். அதோடும் வாழலாம். தவளைகள் வாழும்.

நீ சொல்வதுதான்.

தங்கை


ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். படிக்க முடியாத சொல்லைத் தாண்டிப் போ; முக்கியமானதைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உடம்பு நலம். கை அதன் இஷ்டம். அண்ணிக்கு உன்மேல் சந்தேகம்: எழுதவே எழுதாத கடிதத்தை நீ எப்படிப் பாராட்டினாய் என்று.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பரில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் அளவு மட்டும் அளந்தது. இரண்டும் மூன்றும் நான் எழுதியவை. முதலாவதும் சில இடத்தில் சுத்தமில்லை. உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை நடுவில் ஆடி நின்றபோது அந்தப் பக்கமாகத் தள்ளினேன். நீ கண்டுபிடித்தது பாதிதான்.

பிறகு இயக்குநரிடம் போனேன். அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"ஜூன் கடைசி, மேடம்."

"இது டிசம்பர்."

"ஆமா."

"பூச்சிக்கு ஊசி குத்தற வேலை, அறுக்கற வேலை எல்லாம் வேற ஆளுக்கு மாத்திடறேன். ஜாடி அறைச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அறுக்கும் வேலையில் நான் கெட்டிக்காரன். உனக்குத் தெரியும்.

எண்பது தவளை, எண்ணூறு அளவு. இருபத்தாறு நாள். என்னால் வேகமாக எழுத முடியவில்லை; பறவைப் பிரிவுக்காரர் எழுதித் தந்தார். நான் எண்ணைச் சொல்வேன், அவர் எழுதுவார். தாளை என் பக்கம் திருப்பக்கூடாது என்று ஒப்பந்தம்.

மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "சார், முன்ன சொன்னதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்."

"தூரமா இருந்தா தூரமா எழுதுங்க."

"கொஞ்சம் கிட்டக் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். அது ஏற்கெனவே ஒருத்தர் பண்ணிட்டார்."

அன்று டீயை என் டம்ளரில் பாதியாக அவரே ஊற்றிவைத்தார்.

கூட்டிப் பார்த்தேன். நீயும் பார். கீழோடை 1.65. மேலோடை 1.95. செப்டம்பரில் நான் உனக்குக் கொடுத்தது 0.4. உண்மையில் இருப்பது 0.3. பத்தின் சராசரியில் ஒவ்வொரு விரலுக்கும் பிழை 0.1. அதை என் பெயருக்கு நேராகப் போடு. பெயரைச் சுருக்காமல் முழுதாகப் போடு.

உன் இரண்டு கூட்டமும் இருக்கின்றன. முன்புபோல் நடுவில் வெள்ளையாக இல்லை, ஓரங்கள் உரசுகின்றன. பேராசிரியர் இன்னொரு முறை கண்ணாடியைத் துடைப்பார். ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜாடி 88-ஐ மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அதன் சீட்டில் 'ஓடை' என்று மட்டும் இருக்கிறது. மேலா கீழா எழுதவில்லை. செப்டம்பரில் அதை நான் மேலோடையில் சேர்த்திருந்தேன், 1.98 என்று. இப்போது பத்தும் இவை: 1.7, 2.1, 1.5, 1.9, 1.6, 2.2, 1.8, 1.4, 2.0, 1.8. சராசரி 1.8. சரியாக நடுவில் நிற்கிறது. மறுபடி பத்து எடுத்தேன். மறுபடியும் 1.8.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே பட்டியலில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்